கதிர் தலைகாட்டும் முன்: நெல்லில் பூஞ்சாண மருந்தை முறையாக அடிப்பது

ஆரணியிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஏதாவது ஒரு பட்டத்து நெல் எப்போதும் வயலில் நிற்கும். கமண்டல நாகநதிப் படுகையிலும் ஏரிப் பாசனத்திலும் விளைவதில் பெரும்பகுதி சன்ன ரகம். ஊர் அரிசி ஆலைகள் கேட்பதும் அதைத்தான். வெள்ளைப் பொன்னியும் பி.பி.டி. 5204-உம் நல்ல விலை தரும் ரகங்கள். ஆனால் இரண்டுமே குலை நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும். சம்பாக் கதிர் வெளிவரும் கார்த்திகை, மார்கழியில் மேகமூட்டமும் இரவுக் குளிரும் விடியற்பனியும் சேர்ந்துவிட்டால், பச்சையாக நின்ற வயல் பத்தே நாளில் பதராகிவிடும்.

இந்த அத்தியாயம் தன் வயலுக்குத் தானே மருந்தடிக்கப் போகிறவருக்கானது. ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வையுங்கள். பூஞ்சாண மருந்து இன்னும் கெடாத இலையையும் கதிரையும் காக்கும். கருகிய கழுத்தையோ, பதராகிப்போன மணியையோ அது மீட்டுத் தராது. எந்த மருந்து என்பதைவிட எந்த நாளில் அடிக்கிறோம் என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் நோயைப் பிடியுங்கள்

மருந்துக்கடையில் போய் "இலை கருகுது, ஏதாச்சும் குடுங்கண்ணே" என்று கேட்டால், கடைக்காரர் ஒரு பூச்சி மருந்தும், ஒரு பூஞ்சாண மருந்தும், ஒரு டானிக்கும் சேர்த்துக் கட்டித் தருவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வயலைப் பார்த்தவர் நீங்கள்தான்.

காலை ஏழு, எட்டு மணிக்கு, பனி காயும் முன் வயலுக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்ப்பது போதாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில் தூரைக் கையால் விலக்கி அடிவரை பாருங்கள்.

1. குலை நோய்: இலையில் கண் வடிவப் புள்ளி, இரு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை தீய்ந்ததுபோல் ஆகும். தண்டின் கணுவிலும் கருப்பு ஏறும். கதிரின் கழுத்தில் விழுந்தால் அந்த இடம் கருத்து ஒடிந்து கதிர் தொங்கும்.

2. இலையுறை கருகல்: தண்ணீர் மட்டத்தை ஒட்டி, தாளின் உறையில் தொடங்கும். பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் நீள்வட்டப் புள்ளி, பிறகு பாம்புச் சட்டை போன்ற திட்டு. தூர் நெருக்கமாகி நிழல் விழும் இடத்தில் முதலில் வரும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியும்போது பாதி உயரம் ஏறியிருக்கும்.

3. நெற்பழ நோய்: கதிரில் ஒருசில மணிகள் உருண்டு, மஞ்சளாகவும் பிறகு கரும்பச்சையாகவும் வெல்வெட் பூசியதுபோல் மாறும். தொட்டால் கையில் பொடி ஒட்டும். இதைப் பார்த்தபின் மருந்தடிப்பது வீண்செலவு.

4. செம்புள்ளி நோய்: எள் அளவில் பழுப்புப் புள்ளிகள் இலை முழுதும். பெரும்பாலும் மண்ணில் சத்துக்குறை, குறிப்பாகச் சாம்பல்சத்துக் குறை, என்பதற்கான அடையாளம். மருந்து தற்காலிகமாகத் தாங்கும்; நிலத்தைச் சரிசெய்யாமல் அடுத்த பட்டத்திலும் வரும்.

ஏமாற்றும் மூன்று

பாக்டீரியா இலைக்கருகல். இலை நுனியிலிருந்து ஓரமாக, அலை அலையாக மஞ்சளடித்துக் காய்ந்து இறங்கும். இது பூஞ்சாணம் இல்லை. பூஞ்சாணத்துக்கு மட்டுமான மருந்துகளுக்கு இது அடங்காது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நோயும் நல்ல பகுதியும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே வைத்துச் சற்றுப் பொறுத்திருந்தால், வெட்டிலிருந்து பால்போன்ற மெல்லிய இழை நீரில் இறங்கும். இறங்கினால் பாக்டீரியா. அப்போது யூரியாவை நிறுத்துங்கள். நோயுள்ள வயலின் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு விடாதீர்கள்.

தண்டுதுளைப்பான். கதிர் வெளுத்து நேராக நிற்கும். இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வந்து, அடியில் துளையோ புழுவின் கழிவோ இருந்தால் அது பூச்சி. இழுத்தால் வராமல் கழுத்தில் கருப்பு வளையம் இருந்தால் குலை நோய்.

புகையான். வயலில் வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்திருந்தால் தூரின் அடியைத் தட்டுங்கள். சிறு பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் உதிர்ந்தால் பூஞ்சாண மருந்தைத் தொடவே வேண்டாம்.

உறுதியாகத் தெரியாவிட்டால் பாதித்த தூர் ஒன்றை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

மருந்துக்கு முந்திய வேலை

நோயை வயலுக்குள் அழைத்துவருவது பல சமயம் யூரியாதான். இலை கரும்பச்சையாக இருந்தால் பயிர் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்து இன்னொரு கைப்பிடி தூவுகிறோம். குலை நோய்க்கும் இலையுறை கருகலுக்கும் அந்த இளசான இலையே தேவை. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். நோய் கண்டபின் அது அடங்கும்வரை மேலுரம் வேண்டாம். வரப்புப் புல்லைச் செதுக்குங்கள். பூஞ்சாணம் அங்கேயும் தங்கும். நடவு நெருக்கமாக இருந்தால் எட்டடிக்கு ஒரு நடைபாதை இடைவெளி ஒதுக்கிவிடுங்கள். காற்றும் போகும், பிறகு மருந்தடிக்க நடக்கவும் வழி இருக்கும்.

விதை நேர்த்தி மலிவானது, நிறையப் பேர் விட்டுவிடுவது. வரிசை இதுதான்:

1. ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் 2 கிராம் கார்பன்டசிம் அல்லது டிரைசைக்ளசோல்.
2. விதையைப் பத்து மணிநேரம் அதில் ஊறவையுங்கள்.
3. தண்ணீரை வடித்துவிட்டு வழக்கம்போல் முளைகட்டுங்கள்.

நாற்றங்காலில் வரும் குலை நோயிலிருந்து சுமார் நாற்பது நாள் வரை இது காக்கும். மார்கழிக் குளிரில் நவரை நாற்று விடுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. சூடோமோனாஸ் போட விரும்பினால் கிலோவுக்கு 10 கிராம். ஆனால் உயிர் மருந்தையும் பூஞ்சாண மருந்தையும் ஒரே விதையில் சேர்க்காதீர்கள், ஏதாவது ஒன்று மட்டும். வடித்த தண்ணீரை ஏரிக்கோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள். நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் கோழிக்கும் போடக் கூடாது, குத்திச் சமைக்கவும் கூடாது.

எந்த நாளில் அடிப்பது

நடவு தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் பிசகும். அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். பூப்பதற்கு ஏறக்குறைய 30 நாள் முன்பு தண்டுக்குள் குருத்துக் கதிர் உருவாகத் தொடங்கும். 145 நாள் சம்பா ரகம் என்றால் 85-ஆம் நாளை ஒட்டிக் கதிர் உருவாகும், 115-ஆம் நாளை ஒட்டிப் பூக்கும். 105 நாள் வயதுள்ள கோ 51 போன்ற குறுகிய காலப் பயிரில் இவை 45, 75 என்று வரும்.

கணக்கைக் கண்ணால் சரிபாருங்கள். ஒரு நல்ல தூரிலிருந்து தாய்த்தண்டைப் பிடுங்கி, வேர்ப்பக்கம் தொடங்கி நீளவாக்கில் பிளேடால் பிளந்தால், மேல்கணுவுக்கு மேலே வெண்பஞ்சு நுனிபோல இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒன்று நிற்கும். அதுதான் கதிர். அது தெரிந்துவிட்டால் உங்கள் நாட்காட்டி உறுதியாகிவிட்டது.

அடிக்க வேண்டிய தருணங்கள்:

1. நாற்றங்கால் அல்லது தூர் கட்டும் பருவம்: இலையில் கண் வடிவப் புள்ளி தென்பட்டு, வானமும் மூடியிருந்தால் உடனே. ஒரு சில புள்ளி, வெயிலும் நன்றாக அடிக்கிறது என்றால் மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

2. தூர் முழுமையடைந்து கதிர் உருவாகும் நேரம்: இலையுறை கருகலைத் தேட வேண்டிய நாட்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் திட்டு ஏறத் தொடங்கினால் அடியுங்கள்.

3. பொதி கட்டும் பருவம்: கண்ணாடி இலை முழுதாக வெளிவந்து, அதன் உறை உப்பியிருக்கும். கழுத்துக் குலை நோய்க்கும் நெற்பழ நோய்க்கும் இதுவே முதன்மைத் தருணம். சன்ன ரகம், மூடிய வானம், முந்தைய பட்டத்தில் நோய் இருந்த வயல், இவை மூன்றில் இரண்டு பொருந்தினால் நோய் தெரியாவிட்டாலும் அடித்துவிடுவது நல்லது.

4. பாதிக் கதிர் வெளிவந்த நிலை: மூன்றாவதின் தொடர்ச்சி. பனியும் தூறலும் நீடித்தால் மட்டும்.

கழுத்து கருத்தபின் அடிக்கிற மருந்துக்குப் பலன் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரைசைக்ளசோல் செய்வது பூஞ்சாணம் பயிரின் தோலைத் துளைத்து உள்ளே போவதைத் தடுப்பது. உள்ளே போய்விட்டதை அது துரத்தாது. 1919-இல் தஞ்சைப் படுகையில் குலை நோய் கொள்ளைநோயாகப் பரவியபோது உழவர் கையில் இப்படிப்பட்ட மருந்து எதுவும் இல்லை. இன்று மருந்து இருந்தும் விளைச்சல் போவது பெரும்பாலும் ஒரு வாரத் தாமதத்தால்.

எது, எவ்வளவு

கீழே உள்ளவை ஏக்கருக்கான அளவு. டப்பாவில் உள்ள லேபிள் வேறு அளவு சொன்னால் லேபிளையே பின்பற்றுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு வீரியத்தில் மருந்து வரும்.

குலை நோய்க்கு: டிரைசைக்ளசோல் 75 டபிள்யூ.பி. 120 கிராம், அல்லது ஐசோபுரோதியோலேன் 40 இ.சி. 300 மி.லி.

இலையுறை கருகலுக்கு: ஹெக்சகோனசோல் 5 இ.சி. 400 மி.லி., அல்லது புரோபிகோனசோல் 25 இ.சி. 200 மி.லி.

நெற்பழ நோய்க்கு: புரோபிகோனசோல் 25 இ.சி. 200 மி.லி., அல்லது காப்பர் ஹைட்ராக்சைடு 77 டபிள்யூ.பி. 500 கிராம். செம்பு மருந்தைப் பொதிப் பருவத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பூவில் பட்டால் மணி கருக வாய்ப்புண்டு.

குலை நோயும் இலையுறை கருகலும் சேர்ந்து வரும் சம்பாவில்: டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் 25, டெபுகோனசோல் 50 கலந்த டபிள்யூ.ஜி. 80 கிராம். விலை அதிகம்தான், ஆனால் பொதிப் பருவத்தில் ஒரே அடியில் இரண்டு நோய்க்கும் காவல்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பெயர் மாறினால் போதாது, குடும்பம் மாற வேண்டும். ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் ஒரே குடும்பம். "ஸ்ட்ரோபின்" என்று முடிபவை இன்னொரு குடும்பம். ஜப்பானில் கார்ப்ரோபமிட் என்ற மருந்துக்கு அடங்காத குலை நோய்ப் பூஞ்சாணம் 2001-லும், ஸ்ட்ரோபின் குடும்பத்துக்கு அடங்காதது 2012-லும் தலையெடுத்தன. ஒரு பட்டத்தில் ஒரு குடும்பத்தை இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: காலாவதி தேதி, தொகுதி எண், லேபிளில் நெல்லும் உங்கள் நோயும் எழுதப்பட்டிருக்கிறதா என்பது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். மருந்து வேலை செய்யாமல் போனால் பில் ஒன்றுதான் உங்கள் கைச் சான்று.

டேங்குக்கு எவ்வளவு: கணக்கை நீங்களே எடுங்கள்

பட்டுநூலையும் சரிகையையும் கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுத்து, புடவையாகத் திரும்பி வரும்போது மறுபடி நிறுத்து வாங்கும் ஊர் ஆரணி. அதே கண்டிப்பு மருந்துக்கும் வேண்டும். "டேங்குக்கு ஒரு மூடி" என்ற கணக்கில் பாதி வயலுக்கு மருந்து போதாமலும் மீதிக்கு அதிகமாகவும் போகிறது.

1. வெறும் தண்ணீர் நிரப்பிய தெளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. வயலில் 5 செண்ட் அளந்து, வழக்கமான நடையில், வழக்கமான அழுத்தத்தில் அடியுங்கள்.
3. டேங்கில் மிச்சமுள்ள தண்ணீரை அளந்து கழியுங்கள். செலவானதை 20-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான தண்ணீர்.
4. அதை டேங்கின் கொள்ளளவால் வகுத்தால் எத்தனை டேங்க் என்று தெரியும்.
5. ஏக்கருக்கான மருந்தை டேங்க் எண்ணிக்கையால் வகுங்கள்.

எடுத்துக்காட்டு: 5 செண்ட்டுக்கு 10 லிட்டர் போனால் ஏக்கருக்கு 200 லிட்டர். 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க். டிரைசைக்ளசோல் 120 கிராமை அதில் பிரித்தால் டேங்குக்கு 9.6 கிராம். பக்கத்து வயல்காரர் வேகமாக நடப்பவர், அவருக்கு 5 செண்ட்டுக்கு 8 லிட்டர்தான் ஆகிறது என்றால் ஏக்கருக்கு 160 லிட்டர், பத்து டேங்க், டேங்குக்கு 12 கிராம். இருவருக்கும் ஒரே மூடி அளவு எப்படிப் பொருந்தும்? நாசில் மாற்றினாலும், ஆள் மாறினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

பொடி மருந்தை நிறுக்கச் சிறிய எலெக்ட்ரானிக் தராசு ஒன்று தனியாக வாங்கி வையுங்கள். அது சமையலறைக்கும் போகக் கூடாது, பட்டு நிறுக்கவும் போகக் கூடாது.

கலக்கும் வரிசை

1. தெளிந்த தண்ணீரை எடுங்கள். கலங்கிய வாய்க்கால் நீர் நாசிலை அடைக்கும், மருந்தின் வீரியத்தையும் குறைக்கும்.
2. கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டபின்பே டப்பாவைத் திறங்கள். தெளிக்கும்போதைவிடக் கலக்கும்போதுதான் வீரியம் கூடிய மருந்து கைக்கு அருகில் இருக்கிறது.
3. ஒரு டேங்குக்கான பொடியைச் சிறு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குச்சியால் குழையுங்கள். கட்டி இருக்கக் கூடாது.
4. டேங்கில் பாதித் தண்ணீர் ஊற்றி, குழைத்ததை வடிகட்டி வழியாக விடுங்கள்.
5. மீதித் தண்ணீரை ஊற்றி மூடிக் குலுக்குங்கள்.
6. ஒட்டும் திரவம் சேர்ப்பதானால் கடைசியில். இலை மெழுகுபோல் இருப்பதால் நெல்லுக்கு அது தேவைதான்.
7. கலந்ததை அன்றே அடித்து முடியுங்கள்.

பூச்சி மருந்து, பூஞ்சாண மருந்து, டானிக், யூரியா எல்லாம் ஒரே டேங்கில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். செம்பு மருந்தை எதனோடும் சேர்க்கவே கூடாது. இரண்டு மருந்தைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரு பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரைமணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, அடியில் படிந்தாலோ, பாட்டில் சூடானாலோ அந்தச் சேர்க்கை வேண்டாம்.

அடிக்கும் வரிசை

1. நேரம்: நெல் பூக்கும் நாட்களில் காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகல் வரை பூ விரியும், அப்போது தெளிக்காதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நல்லது. மற்றப் பருவங்களில் பனி காய்ந்த காலைநேரமும் சரி. பனி சொட்டும் இலையில் அடித்தால் மருந்து வழிந்து சேற்றுக்குப் போகும்.
2. வானம்: மூன்று மணிநேரத்துக்குள் மழை வரும்போல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.
3. காற்று: இலை மெல்ல அசையும் அளவு போதும். காற்று முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். மருந்தடித்த பயிருக்குள் நடக்காமல், பின்னோக்கியோ பக்கவாட்டிலோ நகருங்கள்.
4. நாசில்: மெல்லிய துளியாகத் தூவும் கூம்பு நாசில். களைக்கொல்லி அடிக்கும் விசிறி நாசில் வேண்டாம். களைக்கொல்லி அடித்த டேங்கே வேண்டாம்.
5. இலக்கு: இலையுறை கருகலுக்கு முதல்நாளே வயல் தண்ணீரை வடித்துக் குறைத்துவிட்டு, நாசிலைத் தாழ்த்தித் தூரின் அடிக்கு அடியுங்கள். மேலே தூவிவிட்டு வந்தால் நோய் இருக்கும் இடத்துக்கு மருந்து போகாது. கழுத்துக் குலை நோய்க்குக் கண்ணாடி இலையின் உறையும் கதிரும் நனைய வேண்டும்.
6. மடை: தெளித்த வயலிலிருந்து தண்ணீர் வாய்க்காலுக்கோ ஏரிக்கோ போகாதபடி மூடுங்கள்.

ட்ரோன் வைத்து அடிப்பது இப்போது பரவலாகிறது. ஏக்கருக்கு ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீரிலேயே முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் குறைகிறது என்பதற்காக ஏக்கருக்கான மருந்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கதிர்ப் பருவ நோய்க்கு ட்ரோன் நன்றாகவே உதவும். அடர்ந்த பயிரின் அடித்தாளில் இருக்கும் இலையுறை கருகலுக்கு முதுகில் சுமக்கும் தெளிப்பானையே நம்புவேன்.

வீட்டையும் தறியையும் காப்பது

தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களில் நிலமும் தறியும் ஒரே குடும்பத்தில் இருப்பது உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சில கூடுதல் விதிகள்.

மருந்து டப்பாவைத் தறி இருக்கும் அறையில் வைக்காதீர்கள். குழித்தறியில் உட்கார்ந்தவர் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். வெளியே பூட்டுப் போட்ட மரப்பெட்டி போதும். மருந்தடித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றாமல் பாவைத் தொடக் கூடாது. கறை விழுந்தால் புடவை போகும் என்பது இருக்கட்டும்; நூலை நாளெல்லாம் விரலால் நீவுபவர் கையில் மருந்து ஒட்டுவதுதான் பெரிய ஆபத்து. மருந்தடித்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

பக்கத்தில் மல்பெரித் தோட்டமோ பட்டுப்புழு மனையோ இருந்தால் முன்னதாகவே தகவல் சொல்லுங்கள். காற்றில் போகும் மருந்து மல்பெரி இலையில் படிந்தால், அந்த இலையைத் தின்னும் புழு தாங்காது. பூச்சி மருந்தும் கலந்திருந்தால் முழு மனையும் போய்விடும்.

மருந்தடிப்பவருக்கு:

1. முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி. நனைந்த துண்டை முகத்தில் கட்டுவது பாதுகாப்பு இல்லை. அது மருந்தை உறிஞ்சி மூக்கருகே வைத்திருக்கும்.
2. வெறும் வயிற்றில் போகாதீர்கள். இடையில் பீடி, வெற்றிலை, தண்ணீர் எதுவானாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே.
3. அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.
4. தலைசுற்றல், குமட்டல், கண்ணெரிச்சல் தெரிந்த உடனே நிறுத்தி, உடையைக் களைந்து, உடம்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை விட்டுக் கால்மணி நேரமாவது கழுவுங்கள்.
5. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். 108-ஐ அழையுங்கள். டப்பாவை லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

டப்பாவில் உள்ள முக்கோணத்தில் சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பூஞ்சாண மருந்துகள் பெரும்பாலும் பின்னிரண்டில் வரும். பச்சை என்றால் பாலைப்போலக் கையாளலாம் என்று அர்த்தம் இல்லை.

அடித்த பிறகு

காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிக்கும் டேங்கிலேயே ஊற்றுங்கள். பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எண்ணெய் ஊற்றி வைக்காதபடி. எரிக்க வேண்டாம்.

வயலின் ஒரு மூலையில் நாலு குச்சி நட்டு, அரை செண்ட் அளவுக்கு மருந்தடிக்காமல் விடுங்கள். பத்து நாள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் மருந்து வேலை செய்ததா, வானம் மாறியதால் நோய் அடங்கியதா என்று தெரியும். செலவு செய்த மருந்தை எடைபோட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

லேபிளில் "காத்திருப்புக் காலம்" என்று ஒரு வரி இருக்கும். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் அவை. நெல் மருந்துகள் சிலவற்றுக்கு அது ஒரு மாதத்தைத் தொடும். பூத்தபின் அறுவடைக்கே 30 நாள்தான் என்பதால், பால் பிடித்த பிறகு தெளிக்க இடமே இல்லை. வடக்கே பாஸ்மதி விவசாயிகளுக்கு இது வேறு விதமாக வந்து சேர்ந்தது: ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்ளசோல் எச்சத்தின் வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தபோது, 2018 தொடங்கி அங்கே ஏற்றுமதியே தடுமாறியது. நம் நெல் உள்ளூர் ஆலைக்குப் போனாலும் சாப்பிடுபவர் வயிறு ஒன்றுதான். வைக்கோல் மாட்டுக்குப் போகிறது, பால் வீட்டுக்கு வருகிறது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- பக்கத்து வயல்காரர் அடித்தார் என்று அதே நாள் அடிப்பது. அவர் ரகமும் நடவும் வேறு. பொதிப் பருவம் பத்து நாள் தள்ளியிருக்கலாம்.
- ஒரு வாரத்தில் பச்சை திரும்பவில்லை என்று மறுபடி அடிப்பது. கருகிய இலை திரும்பாது. புதிதாக வந்த இலை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.
- மருந்தோடு யூரியாவும் தூவுவது. ஒரு கையால் அணைத்து மறு கையால் எரிப்பது போலாகும்.
- மிஞ்சிய மருந்தை வரப்போரம் கொட்டுவது. மிஞ்சாமல் கலக்கத்தான் மேலே அந்தக் கணக்கு.

நெல்லுக்குப் பின் மக்காச்சோளம் போட்டால்

தண்ணீர் போதாத ஆண்டில் நவரைக்குப் பதிலாக மக்காச்சோளம் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல்லில் இலையுறை கருகலைத் தரும் அதே ரைசோக்டோனியா பூஞ்சாணம் மக்காச்சோளத்தின் அடி இலைகளிலும் உறையிலும் பட்டைப் பட்டையாகக் கருகலைத் தரும். நெல்லில் அந்த நோய் பலமாக இருந்த வயலில், அடி இலை இரண்டு மூன்றை உரித்து அப்புறப்படுத்திவிடுவது நோய் மேலேறுவதைக் குறைக்கும்.

அடிச்சாம்பல் நோய்க்கு விதையிலும் முதல் மூன்று வாரத்திலும்தான் தீர்ப்பு. மெட்டலாக்சில் நேர்த்தி செய்த விதையாக வாங்குங்கள். இலை வெளிறி, அடிப்பக்கம் வெண்பூச்சு தெரிந்த செடியைப் பிடுங்கிப் புதையுங்கள். விதைத்த 20-ஆம் நாள் மெட்டலாக்சில், மான்கோசெப் கலந்த மருந்து ஏக்கருக்கு 400 கிராம். இலைக்கருகல் நீளநீளமான சாம்பல் திட்டாக அடி இலையிலிருந்து ஏறினால் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். பயிர் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டால் முதுகுத் தெளிப்பானால் மேலே தூக்கி அடிக்காதீர்கள். தெளித்தது அத்தனையும் உங்கள் முகத்திலேயே விழும். அந்த உயரத்தில் ட்ரோனை வாடகைக்கு எடுங்கள், அல்லது இடுப்பளவில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள்.